உங்க லேப்ல இருந்து இன்னொரு கண்டத்துக்கு டெராபைட் கணக்குல டேட்டா அனுப்பறது எப்படி

சீக்வென்சிங் டேட்டா, சிமுலேஷன் அவுட்புட், சாட்டிலைட் படம்னு ஏதோ ஒண்ணு 2 டெராபைட் சேர்ந்துடுச்சு, ஜெர்மனில இருக்கற லேப்காரங்க எப்ப அனுப்புவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, நீங்க ஒரு ஆன்லைன் ட்ரைவ்ல ஏத்த ஆரம்பிச்சு நாள் கணக்குல ஓடியும் பாதி தாண்டலன்னா இது உங்களுக்குத்தான்.

கணக்கு போட்டுப் பாருங்க. 2 டெராபைட் 20 மெகாபிட் வேகத்துல போனா 9 நாள் தாண்டும், 1 ஜிகாபிட்ல நாலரை மணி நேரம், 10 ஜிகாபிட்ல அரை மணி நேரம் கூட ஆகாது. உங்க காலேஜ் என்கேஎன்-ல, அதான் இந்தியால காலேஜ், ஆராய்ச்சி நிலையங்களுக்குன்னே இருக்கற நெட்வொர்க், அதுல இருந்தா, இல்ல இலங்கைல அதே மாதிரி இருக்கற லேர்ன்ல இருந்தா, வேகமா போறதுக்கான லைன் ஏற்கெனவே கேம்பஸ் சர்வர் ரூம் வரைக்கும் வந்து நிக்குது. அது வெளிய ஒழுங்காதான் இருக்கும், கெடறது பெரும்பாலும் நம்ம பில்டிங்குக்குள்ளதான். அதனால நான் சொல்லப்போற வேலைல முக்கால்வாசி கேம்பஸ்குள்ளயே முடிஞ்சிடும், யார்கிட்டயும் புதுசா லைன் வாங்கச் சொல்லி ஃபைல் மூவ் பண்ண வேண்டியதில்ல.

இது என்ன நெட்வொர்க்குன்னு தெரிஞ்சவங்க அடுத்த பத்திய தாண்டிப் போயிடுங்க.

யுனிவர்சிட்டி, ஆராய்ச்சி நிலையங்களுக்குன்னே பெரும்பாலான நாடுகள்ல தனி நெட்வொர்க் இருக்கு. இந்தியால 1986-ல ஐநா வளர்ச்சித் திட்டத்தோட உதவியோட எர்நெட் ஆரம்பிச்சாங்க, முதல்ல சேர்ந்த எட்டு இடத்துல சென்னை ஐஐடியும் ஒண்ணு. அப்புறம் 2010-ல மத்திய அரசு தேசிய அறிவு நெட்வொர்க், அதான் என்கேஎன், அதுக்கு ஒப்புதல் குடுத்துச்சு, நடத்தறது மத்திய அரசோட தேசிய தகவலியல் மையம், அதான் என்ஐசி. இலங்கைல லேர்ன், யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் அதுலதான். இப்படி நாட்டுக்கு நாடு இருக்கறத கண்டம் அளவுல சேர்த்து வைக்க இன்னொரு அடுக்கு இருக்கு: ஐரோப்பால 2000-ல வந்த ஜியான்ட், ஆசியால டெய்ன், அது 2001-ல கொரியாவுக்கும் பிரான்சுக்கும் நடுவுல ஒரு லைனா ஆரம்பிச்சது, லத்தீன் அமெரிக்கால ரெட்கிளாரா, ஆப்பிரிக்கால உபுண்டுநெட்டும் வாக்ரெனும், அமெரிக்கால இன்டர்நெட்2, அவங்க எனர்ஜி டிபார்ட்மென்ட் லேபுங்களுக்கு தனியா ஈஎஸ்நெட். சாதாரண ஐஎஸ்பி லட்சம் பேரோட சின்னச் சின்ன டிராஃபிக்க மனசுல வச்சு கட்டினது, இது ஒரே ஆள் ஒரே நேரத்துல பெரிய மூட்டையா அனுப்புவார்னு எதிர்பார்த்து, எப்பவும் கொஞ்சம் இடம் காலியா விட்டு கட்டினது. சிலில செர்ரோ பச்சோன் மலை மேல இருக்கற ரூபின் அப்சர்வேட்டரிய எடுத்துக்கோங்க, ராத்திரிக்கு சுமார் 20 டெராபைட், எடுக்கற ஒவ்வொரு படமும் உடனுக்குடனே கலிஃபோர்னியால ஸ்லாக் லேபுக்கு போயி, வானத்துல ஏதாவது மாறியிருந்தா 60 செகண்டுக்குள்ள உலகத்துக்கு அலர்ட் போகணும், டிசைனே அப்படித்தான். இத காசு குடுத்து வாங்கற பிராட்பேண்ட்ல யோசிச்சுக்கூட பார்க்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, உங்க டிராஃபிக் நிஜமாவே அந்த லைன்லதான் போகுதான்னு பாருங்க. இதத்தான் பாதி பேர் பண்றதே இல்ல. நிறைய காலேஜ்ல என்கேஎன் ஒரு லைன், தனியார் ஐஎஸ்பி ஒரு லைன்னு ரெண்டும் இருக்கும், நடுவுல ஒரு பாக்ஸ் உக்காந்துக்கிட்டு யாரு எதுல போகணும்னு பிரிச்சு விடும், ஹாஸ்டல் வைஃபையும் உங்க லேபும் ஒரே கூட்டத்துல சேர்ந்து ஐஎஸ்பி லைன்ல போய்க்கிட்டு இருக்கும், என்கேஎன் லைன் பாவம் சும்மா கிடக்கும். லேப் மெஷின்ல இருந்து எதிர்பக்க சர்வருக்கு டிரேஸ்ரூட் போடுங்க, பாக்கெட் போற வழில இருக்கற ரௌட்டருங்கள வரிசையா காட்டற கமாண்ட் அது, விண்டோஸ்னா டிரேசர்ட், லினக்ஸ்னா எம்டிஆர் இன்னும் நல்லது. வர்ற பேருங்கள்ல என்கேஎன், டெய்ன், ஜியான்ட்னு ஏதாவது தெரிஞ்சா சரியான பாதை. பேர் வராம வெறும் ஐபி நம்பர் வந்தா அத ஹூயிஸ்ல போட்டுப் பாருங்க, அந்த ஐபி யாரோடதுன்னு அது சொல்லும், ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஏஎஸ் நம்பர்னு ஒரு அடையாள நம்பர் இருக்கு, ஜியான்ட்டோடது 20965, இன்டர்நெட்2-வோடது 11537, ஈஎஸ்நெட்டோடது 293, இந்த மூணும் நினைவுல இருந்தா போதும். நடுவுல வரிசையா நட்சத்திரக் குறி வந்தா லைன் போச்சுன்னு பதற வேண்டாம், பல ரௌட்டருங்க இந்த மாதிரி பாக்கெட்டுக்கு பதில் சொல்லாம இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் போயிட்டு வர்ற நேரம், அதான் ஆர்டிடி, அதப் பாருங்க. ஃபைபர்ல வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்ப 1000 கிலோமீட்டர் தூரத்துக்கு போயிட்டு வர 10 மில்லிசெகண்ட். சென்னைக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் நேர்கோட்டுல 7900 கிலோமீட்டர் வாக்குல, அதனால 80 மில்லிசெகண்டுக்கு கீழ யாராலயும் கொண்டு வர முடியாது, கேபிள் நேரா போறதில்லங்கறதால 150 சுத்தி வந்தா சந்தோஷப்படுங்க. 300 தாண்டுதுன்னா பாக்கெட் கிழக்கால சிங்கப்பூர் போயி, பசிபிக் தாண்டி, அமெரிக்காவ குறுக்கால கடந்து ஐரோப்பா போகுதுன்னு சந்தேகப்படலாம். கேபிள் அறுந்த நேரத்துல இது நடக்கும், 2024 ஆரம்பத்துல செங்கடல்ல மூணு நாலு கேபிள் ஒண்ணா போச்சே, அந்த மாதிரி. ஆசியா–ஐரோப்பா கேபிள் பெரும்பாலானது எகிப்து வழியாதான் போகுது, அதனால அங்க ஒரு நங்கூரம் இழுபட்டா இங்க உங்க டிரான்ஸ்ஃபர் தள்ளாடும். சுத்திப் போறதெல்லாம் இந்தத் துறைல பழைய கதைதான், லத்தீன் அமெரிக்கால இருந்து ஐரோப்பாவுக்கு போற ஆராய்ச்சி டிராஃபிக்கே ரொம்ப வருஷம் வட அமெரிக்கா வழியா சுத்திதான் போச்சு, 2021-ல பிரேசில் ஃபோர்த்தலேசால இருந்து போர்ச்சுகல் சீன்ஸுக்கு எல்லாலிங்க் கேபிள் நேரா வந்த பிறகுதான் அது மாறிச்சு.

ஒண்ணு மறக்காதீங்க, போற பாதையும் வர்ற பாதையும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. எதிர்பக்கம் இருக்கறவங்களையும் உங்க ஐபிக்கு டிரேஸ்ரூட் போட்டு அனுப்பச் சொல்லுங்க.

பாதை தப்பா இருந்தா காலேஜ் நெட்வொர்க் அட்மின்கிட்ட போங்க. போயி "நெட் ஸ்லோவா இருக்கு சார்"னு சொன்னீங்கன்னா அவர் தினமும் ஐம்பது தடவ கேக்கற வார்த்தை அது, காதுலயே ஏறாது. "சார், இந்த ஒரு சர்வர் ஐபில இருந்து இந்த ஒரு டெஸ்டினேஷன் ரேஞ்சுக்கு போறத மட்டும் என்கேஎன் லைன்ல விட பாலிசி ரௌட் போட்டுக் குடுங்க"ன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, அவருக்கு அது பெரும்பாலும் சின்ன வேலை.

அடுத்து அளக்கறது. ஸ்பீட்டெஸ்ட் சைட்ட திறந்து 400 மெகாபிட் வருதுன்னு சந்தோஷப்படாதீங்க, அது பக்கத்து ஊர்ல இருக்கற ஐஎஸ்பி சர்வர்கிட்ட எடுத்த அளவு, ஜெர்மனிக்கு அது ஒண்ணும் சொல்லாது. ஐபெர்ஃப்3-ன்னு வேகம் அளக்கற டூல ரெண்டு பக்கமும் போட்டு, ரெண்டு திசையிலயும் ஓட்டணும், அதுவும் ஒரு நிமிஷமாவது ஓடணும், தூரம் அதிகம்ங்கறதால டேட்டாவ பாக்கெட்டா பிரிச்சு அனுப்பற டிசிபி முறை வேகம் பிடிக்கவே நேரம் எடுக்கும். எதிர்பக்கம் ஆள் கிடைக்கலன்னா பெர்ஃப்சோனார் இருக்கு. ஈஎஸ்நெட், ஜியான்ட், இன்டர்நெட்2, இண்டியானா, மிச்சிகன் யுனிவர்சிட்டிங்க சேர்ந்து செய்யற, நெட்வொர்க்க அளக்கற இலவச சாஃப்ட்வேர், உலகம் முழுக்க ஆராய்ச்சி நெட்வொர்க் முனைங்கள்ல இத ஓட விட்டு வச்சிருக்காங்க. ஒரு பழைய பெட்டில நீங்களும் ஒண்ணு போட்டு வைக்கலாம், அதோட நிஜமான பலன் ஒரு நாள் டெஸ்ட் இல்ல, மாசக்கணக்குல கிராஃப் இருக்கும், போன செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துல இருந்துதான் கெட்டுச்சுன்னு காட்ட முடியும். காட்ட முடிஞ்சா சண்டை போட வேண்டியதே இல்ல.

இப்ப நம்பர் வந்துடுச்சு, 1 ஜிகாபிட் லைன்ல 12 மெகாபிட்தான் வருதுன்னு வைங்க. இங்கதான் நிறைய பேர் லைன குறை சொல்லுவாங்க. டிசிபி எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பொறுமையா பாருங்க, இந்த இடம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

டிசிபி அனுப்பின பாக்கெட்டுக்கு பதில் வர்ற வரைக்கும் ஒரு அளவு டேட்டாவதான் வெளிய விட்டு வைக்கும். 1 ஜிகாபிட் லைன், 150 மில்லிசெகண்ட்னா, வழி நெடுக எப்பவும் கிட்டத்தட்ட 19 மெகாபைட் பறந்துக்கிட்டே இருந்தாதான் லைன் நிறையும். லினக்ஸ்ல அனுப்பற பக்கம் டீஃபால்ட் உச்சம் 4 மெகாபைட்தான், அப்ப லைன் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு கனெக்‌ஷனுக்கு 200 மெகாபிட் சொச்சத்துல நின்னுடும். இந்த அளவ மாத்த டிசிபி ஆர்மெம் (வாங்கற பக்கம்), டிசிபி டபிள்யூமெம்னு (அனுப்பற பக்கம்) ரெண்டு செட்டிங் இருக்கு, கூடவே கோர்ல ஆர்மெம் மேக்ஸ், டபிள்யூமெம் மேக்ஸ், இதுங்க உச்சத்த 64 மெகாபைட்டுக்கு ஏத்தி விடுங்க. இதெல்லாம் எந்த மெஷினுக்கு எவ்வளவுன்னு ஈஎஸ்நெட்காரங்க ஃபாஸ்டர்டேட்டான்னு ஒரு தளத்துல அழகா எழுதி வச்சிருக்காங்க, இந்த விஷயத்துல அத விட நல்லது நான் பார்த்ததில்ல.

ரெண்டாவது, பாக்கெட் தொலையறது. ஈஎஸ்நெட்ல ஒரு தடவ ஒரு ரௌட்டர் கார்டு பழுதாகி 22,000 பாக்கெட்டுக்கு ஒண்ண மட்டும் தொலைச்சுக்கிட்டு இருந்துச்சு, சதவீதத்துல 0.0046. சும்மா தூசுதானேன்னு தோணும். பழைய டிசிபி கணக்குப்படி இதே அளவு தொலைஞ்சா கேம்பஸ்குள்ள 1 மில்லிசெகண்ட் தூரத்துல 1 ஜிகாபிட்டுக்கு மேலயே வரும், ஒண்ணும் தெரியாது. அதே லாஸ் 150 மில்லிசெகண்ட் தூரத்துக்கு போனா 12 மெகாபிட் பக்கத்துல வந்து விழும். அதான் பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்கு சூப்பரா போகுதே, அதனால எங்க பக்கம் பிரச்சினை இல்லன்னு அட்மின் சொல்றதுல அவர் பொய் சொல்லல, ஆனா அது எதையும் நிரூபிக்கல. தூரம் கூடக்கூட சின்ன ஓட்டையும் பெருசா தெரியும்.

அந்த ஓட்டை எங்க? அனுபவத்துல முதல் சந்தேகம் எப்பவும் காலேஜ் ஃபயர்வால் மேலதான். ஆயிரம் பேரோட பிரவுசர் டிராஃபிக்க திறந்து பார்த்து வடிகட்ட செஞ்ச பாக்ஸ் அது, ஒரே ஆள் முழு வேகத்துல தள்ளினா அதோட சின்ன பஃபர் நிரம்பி வழிஞ்சு பாக்கெட்ட கீழ போட்டுடும், நாலுவழிச் சாலைல பறந்து வந்த லாரி ஊருக்குள்ள சந்தைத் தெருவுல மாட்டிக்கிட்டு நிக்கற கதைதான். அடுத்த சந்தேகம் லேப் மேஜைக்கு கீழ உதைபட்டுக்கிட்டு கிடக்கற மலிவு ஸ்விட்ச், அதுக்கும் அடுத்தது யாரோ கையால கிரிம்ப் பண்ண கேபிள், ஜிகாபிட் போர்ட் 100 மெகாபிட்ல நிக்குதான்னு மொதல்ல லைட்ட பாருங்க. வைஃபைல உக்காந்துக்கிட்டு டெராபைட் அனுப்ப நினைக்காதீங்க, அதப் பத்தி பேசவே வேண்டாம்.

ஃபயர்வால் பிரச்சினைக்கு உலகம் முழுக்க கண்டுபிடிச்ச வழிக்கு சயின்ஸ் டிஎம்இசட்னு பேரு. டேட்டா அனுப்பறதுக்கு மட்டும்னு ஒரு சர்வர், அத பார்டர் ரௌட்டருக்கு பக்கத்துலயே, பெரிய ஃபயர்வாலுக்கு வெளிய வைக்கறது, பாதுகாப்புக்கு ரௌட்டர்லயே இந்தந்த ஐபி இந்தந்த போர்ட்ன்னு ஆக்சஸ் லிஸ்ட் போட்டுடறது, அந்த சர்வர்ல மெயில், பிரவுசர், வெப்சைட் எதுவும் கிடையாது. ஃபயர்வால் இல்லாமயான்னு அட்மின் அதிர்ச்சி ஆவார், நியாயமான பயம்தான். அவர்கிட்ட வாதாடாம, எதிர்பக்க ஐபி ரெண்டே ரெண்டு, போர்ட் இத்தனை, லாகின் கீ மூலமா மட்டும், பாஸ்வேர்ட் ஆஃப்னு எழுதிக் குடுத்தா பாதி பேர் ஒத்துக்குவாங்க. ஒத்துக்கலன்னா அந்த ஒரு ஃப்ளோவுக்கு மட்டும் இன்ஸ்பெக்‌ஷன ஆஃப் பண்ணச் சொல்லுங்க, அதுவே பெரிய வித்தியாசம் தரும். எதுவுமே வழியில்லன்னா பிபிஆர்னு கூகுள் 2016-ல வெளியிட்ட டிசிபி முறை லினக்ஸ்லயே இருக்கு, அத அனுப்பற பக்கம் போட்டா சின்ன லாஸ அவ்வளவா கண்டுக்காம ஓடும், ஆனா அது வலி மாத்திரைதான், ஓட்டை அப்படியே இருக்கும்.

டிஸ்க்க மறந்துடாதீங்க. சாதாரண சுத்தற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு 150 மெகாபைட் வாக்குல படிக்கும், அது 1.2 ஜிகாபிட், அதுக்கு மேல நெட்வொர்க் இருந்து புண்ணியமில்ல. லட்சக்கணக்குல குட்டிக் குட்டி ஃபைலா இருந்தா இன்னும் மோசம், ஒவ்வொண்ணுக்கும் திறந்து மூடற நேரம்தான் அதிகம், டார் போட்டு சில பெரிய மூட்டையா கட்டிடுங்க.

டூலுக்கு வருவோம். ஃபைல் காப்பி பண்ற எஸ்சிபி நம்ம எல்லாருக்கும் பழக்கம், ஆனா அதுக்கு உள்ளயே 2 மெகாபைட் விண்டோ கட்டுப்பாடு இருக்கு, அதாவது பதில் வர்றதுக்கு முன்னாடி அவ்வளவுதான் வெளிய விடும், 150 மில்லிசெகண்ட்ல அது 100 மெகாபிட் பக்கத்துல முட்டி நிக்கும், நீங்க கெர்னல்ல எவ்வளவு மாத்தினாலும் அது கேக்காது. எஸ்எஸ்ஹெச் மேல ஓடற ஆர்சிங்க்கும் அதேதான், ஆனா விட்ட இடத்துல இருந்து தொடரும், அதுக்காகவே 100 ஜிகாபைட் வரைக்கும் எனக்கு ஆர்சிங்க் போதும். ஒரே நேரத்துல நாலஞ்சு ஆர்சிங்க் தனித்தனி ஃபோல்டருக்கு ஓட விட்டா மொத்த வேகம் ஏறும், அசிங்கமான வழிதான் ஆனா வேலை செய்யும். டெராபைட்னா குளோபஸ். சிகாகோ யுனிவர்சிட்டி நடத்தறது, பல ஸ்ட்ரீமா பிரிச்சு அனுப்பும், கரண்ட் போனா தானா மறுபடி ஆரம்பிக்கும், நீங்க வீட்டுக்கு போயிடலாம். உங்க பக்கம் பெர்சனல் வெர்ஷன் இலவசமா போட்டுக்கலாம், எதிர்பக்க யுனிவர்சிட்டி சப்ஸ்கிரிப்ஷன் சர்வர் வச்சிருந்தா பிரச்சினையே இல்ல, ரெண்டு பக்கமும் பெர்சனல்னா மட்டும் ஒத்து வராது. ஒரு சில ஜிபிதான், பிரவுசர்ல இருந்தே அனுப்பணும்னா எதிர்பக்க நெட்வொர்க்ல ஃபைல்செண்டர் இருக்கான்னு கேளுங்க, ஐரோப்பால பல நாட்டுல இருக்கு, அவங்க கெஸ்ட் லிங்க் அனுப்பினா நீங்க ஏத்தலாம்.

வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு. விபிஎன் போட்டு, டேட்டாவ வீட்டு லேப்டாப்புக்கு இறக்கி, அங்கிருந்து ஜெர்மனிக்கு ஏத்தற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். கேம்பஸ் சர்வர்ல லாகின் பண்ணி, நீங்க வெளிய வந்தாலும் வேலைய ஓட வைக்கற டிமக்ஸ்ல டிரான்ஸ்ஃபர ஆரம்பிச்சுட்டு வெளிய வந்துடுங்க, டேட்டா உங்க வீட்டுப் பக்கமே வராது.

மனுஷங்களோட ஜீனோம், ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி டேட்டான்னா இதெல்லாத்துக்கும் முன்னாடி எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் ரெண்டு பக்கம் ஒப்பந்தமும் கைல இருக்கணும், அனுப்பும்போது என்கிரிப்ட் பண்ணியிருக்கணும். லைன் வேகமா இருக்குன்னு அவசரப்பட வேண்டாம்.

இதையெல்லாம் பண்ணியும் நடக்கலன்னா டிஸ்க்க கூரியர்ல அனுப்பறது கேவலம் ஒண்ணும் இல்ல. 50 டெராபைட், கைல 100 மெகாபிட்தான்னா 46 நாள், கூரியர் ஜெயிச்சிடும். கருந்துளைய படம் பிடிச்ச ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப்காரங்களே 2017-ல எடுத்த டேட்டாவ ஹார்ட் டிஸ்க்காதான் பிளேன்ல அனுப்பினாங்க, தென்துருவத்துல எடுத்தத மட்டும் அங்க குளிர்காலம் முடிஞ்சு விமானம் போற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருந்தாங்க. இன்னொரு ஓரத்துல, இத்தாலி டிரியெஸ்ட்ல இருக்கற இசைக்கல்லூரி அந்த நாட்டு ஆராய்ச்சி நெட்வொர்க்கான கார் (GARR)-ஓட சேர்ந்து லோலான்னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சிருக்கு, வேற வேற ஊர்ல இருக்கற கலைஞர்கள் இதே மாதிரி நெட்வொர்க்ல சேர்ந்து வாசிக்கறாங்க, அவங்களுக்கு வேகத்த விட தாமதம்தான் எதிரி. நமக்கும் கண்டம் தாண்டி தாளம் போடற கனவு வேண்டாம், 80 மில்லிசெகண்ட மேல பார்த்தோமே.

நேர்ல அந்த லேபுக்கு போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி எடுரோம் செட் பண்ணிடுங்க. 2002-ல நெதர்லாந்துல முளைச்ச யோசனை, இப்ப நூறு நாட்டுக்கு மேல, உங்க காலேஜ் ஐடி பாஸ்வேர்டே அங்க வைஃபைக்கு போதும். இந்தியால எர்நெட்தான் பொறுப்பு, உங்க காலேஜ் சேர்ந்திருக்கான்னு அட்மின்கிட்ட கேளுங்க. யூசர்நேம்ல காலேஜ் டொமைனோட முழுசா போடணும், வெறும் ரோல் நம்பர் போட்டா ஊருக்குள்ள மட்டும் வேலை செய்யும், வெளிநாட்டுல எந்த சர்வர்கிட்ட கேக்கறதுன்னே அதுக்கு தெரியாது. கெட்எடுரோம் ஆப்ல போடுங்க, சர்டிஃபிகேட் சரிபார்ப்ப அது பாத்துக்கும், கையால போட்டு சரிபார்ப்ப ஆஃப் பண்ணினா எவனாவது அதே பேர்ல வைஃபை வச்சு பாஸ்வேர்ட உருவிடுவான். இங்க கேம்பஸ்லயே ஒரு தடவ கனெக்ட் ஆகுதான்னு பாத்துட்டு பிளேன் ஏறுங்க.

நம்ம பக்கம் எல்லாம் சுத்தம், லாஸ் வெளியதான்னு உறுதியானா என்கேஎன் இல்ல லேர்னோட என்ஓசிக்கு, அதான் நெட்வொர்க்க கண்காணிக்கற மையத்துக்கு, மெயில் போடணும், நீங்க நேரா போடாம காலேஜ் அட்மின் மூலமா போறது நல்லது. அவங்க டெய்னோட பேசுவாங்க, டெய்ன் ஜியான்ட்டோட பேசும், ஜியான்ட் அந்த நாட்டு நெட்வொர்க்கோட. இந்த ஆளுங்க பொதுவா உதவற மனசுள்ளவங்க, ஆனா மெயில்ல விஷயம் இருக்கணும்: ரெண்டு பக்க ஐபி, ரெண்டு திசை டிரேஸ்ரூட், எந்தத் தேதில எந்த நேரம் டெஸ்ட் பண்ணீங்க, அது இந்திய நேரமா யுடிசியா, ஐபெர்ஃப் முடிவு எழுத்தா, ஸ்கிரீன்ஷாட்டா வேண்டாம், முன்ன எவ்வளவு வந்துச்சு, எப்ப இருந்து கெட்டுச்சு. ஒரே மெயில்ல இது எல்லாம் இருந்தா பந்து அங்கயும் இங்கயும் போகாது.

டிரான்ஸ்ஃபர் முடிஞ்சதும் ஃபைல் சைஸ் ஒண்ணா இருக்குன்னு விட்டுடாதீங்க, தப்பு இருக்கான்னு பாக்க டிசிபி வச்சிருக்கற செக்சம் வெறும் 16 பிட், டெராபைட் கணக்குல போகும்போது தப்பு நுழைய வாய்ப்பு இருக்கு. குளோபஸ் தானா சரிபார்க்கும், மத்த டூல்னா அனுப்பறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி இருக்கற எஸ்ஹெச்ஏ256 கோடோட லிஸ்ட் எடுத்து, அதையும் சேர்த்து அனுப்பி, அங்க ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. ஒத்துப்போச்சுன்னு அவங்க மெயில் வந்த பிறகுதான் இங்க உள்ள காப்பில கை வைக்கணும், அதோட அட்மின்கிட்ட சொல்லி திறந்த போர்ட்டையும் அந்த பாலிசி ரௌட்டையும் எடுக்கணுமா, அடுத்த பேட்ச் டேட்டாவுக்கு வச்சிருக்கலாமான்னு கேட்டுடுங்க.